டேப்பால் கிராஃபீன்: உரிப்பது எளிது, கண்டுபிடிப்பதில்தான் வேலை

கேள்வி இது. கிராஃபைட்டின் ஓர் அணு தடிமனுள்ள ஒற்றை அடுக்கான கிராஃபீனை டேப்பால் உரித்தெடுக்க முயல்கிறேன். கையில் இருப்பவை: ஹெச்.ஓ.பி.ஜி. வகை (அடுக்குகள் ஒரே திசையில் அமையச் செயற்கையாகத் தயாரித்த) கிராஃபைட், கடையில் கிடைக்கும் சாதாரண டேப், 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் சில்லு. டேப்பைப் பதினைந்து, இருபது தடவை ஒட்டி உரித்தும் 2, 3 மைக்ரான் அகலத்துக்கு மேல் செதில் கிடைக்கவில்லை. மெல்லியதாகத் தெரிந்த ஒன்றை ஏ.எஃப்.எம். கருவியில் (நுண்முனையால் மேற்பரப்பின் உயரத்தை அளப்பது) அளந்தால் உயரம் 1.1 நானோமீட்டர். கிராஃபைட்டின் அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர் என்பதால் மூன்று அடுக்கு என்று கணக்கு வருகிறது. லேசர் பட்டுச் சிதறும் ஒளியைப் பிரித்துக் காட்டும் ராமன் நிறமாலையில், கிராஃபீனுக்குரிய 2டி, ஜி எனப்படும் இரு முகடுகளின் உயர விகிதம் (2டி-யை ஜி-யால் வகுத்தால்) 1.3. இது எத்தனை அடுக்கு, பெரிய செதில் ஏன் வரவில்லை?

முதலில் அந்த 1.1. அதை வைத்து மூன்று அடுக்கு என்று முடிவு கட்டாதீர்கள். ஒற்றை அடுக்காகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1.3 என்ற விகிதமும் அந்த வாய்ப்பைக் கெடுக்கவில்லை. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். ஆனால் செதில் சிறியதாக இருப்பதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கிராஃபைட்டின் வகை, உரித்த தடவைகள் ஆகிய இரண்டுமே.

ஹெச்.ஓ.பி.ஜி. பார்க்க ஒரே படிகம் போலப் பளபளக்கும். உண்மையில் அது சிறு படிகத் துகள்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட தொகுப்பு. பக்கவாட்டில் அந்தத் துகள்கள் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரைதான் இருக்கும். துகளின் எல்லையில் அடுக்கு கிழியும். இயற்கைச் செதில் கிராஃபைட், அல்லது உருகிய இரும்பிலிருந்து பிரியும் கிஷ் கிராஃபைட் எடுத்தால் ஒற்றைப் படிகமே மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே செதிலின் சராசரி அகலம் கூடும்.

அடுத்து, உரிக்கும் எண்ணிக்கை. ஒவ்வொரு முறையும் தடிமன் பாதியாகிறது, எனவே இருபது முறை உரித்தால் ஒற்றை அடுக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். டேப்பில் நடப்பது வேறு. ஒவ்வொரு உரிப்பும் செதிலை மெலிதாக்குவதோடு அதைக் குறுக்கிலும் உடைக்கிறது. அதோடு, ஒற்றை அடுக்கு டேப்பின் மேல் உருவாவதே இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. சில்லின் மேல் அழுத்திய தடித்த கிராஃபைட்டிலிருந்து, அதன் அடிப்பக்கத்து அடுக்கு மட்டும் ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு, மீதியெல்லாம் டேப்போடு போய்விடும் அந்தக் கடைசி உரிப்பில்தான் அது பிறக்கிறது. ஆகவே டேப்பில் வேண்டியது மெலிந்த தூள் அல்ல. அகலமான, தட்டையான, புதிதாகத் திறந்த முகம்தான் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து தடவை போதும். டேப் முழுக்க மங்கிய சாம்பல் நிறத்தில் பரவி, ஆங்காங்கே இன்னும் மினுக்கும் தட்டைப் பரப்புகள் தெரியும் நிலையில் நிறுத்திவிடுங்கள். கடைசி உரிப்பைச் சில்லில் வைப்பதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும். திறந்த கிராஃபைட் முகத்தில் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன் நிமிடக்கணக்கிலேயே படியத் தொடங்கிவிடும்.

டேப்பைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண டேப்பிலும் வேலை நடக்கும், பிசின் மட்டும் மிஞ்சும். வேஃபரை (சில்லுகள் வெட்டப்படும் சிலிக்கான் தகடு) அறுக்கும்போது அடியில் ஒட்டும் நீலநிற டேப்பில் பிசின் எச்சம் வெகுவாகக் குறையும், ஒட்டுத்திறனும் சற்றுக் குறைவு. தொடங்குபவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

இனி சில்லு. இங்கேதான் பாதிப் பேர் நேரம் ஒதுக்குவதில்லை. கிராஃபீன் ஆக்சைடின் மேல் நிற்பது வான் டெர் வால்ஸ் விசையால் மட்டுமே. இடையில் ஓர் அழுக்குப் படலம் இருந்தாலும் அந்தப் பிடி தளர்ந்துவிடும், அடிப்பக்க அடுக்கும் டேப்போடு போய்விடும். வைர முனையால் 1 செ.மீ. சதுரமாக வெட்டுவதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெட்டும்போது தெறிக்கும் சிலிக்கான் தூள் பிறகு செதிலுக்கு அடியில் கல்லாக நிற்கும். அசிட்டோனில் 5 முதல் 10 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், உடனே நைட்ரஜன் ஊதல். அசிட்டோன் சில்லின் மேல் காய இடம் கொடுக்கக் கூடாது. அது ஆவியாகும்போது கரைத்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் ஆல்கஹாலில் மாற்றி எடுக்கிறோம்.

அதன்பின் ஆக்சிஜன் பிளாஸ்மா, 2 முதல் 5 நிமிடம். இது கரிமப் படலத்தை எரித்து, ஒட்டியிருக்கும் ஈரத்தையும் விரட்டும். ஆனால் பிளாஸ்மாவுக்குப் பிறகு மேற்பரப்பு நீரை மிகவும் விரும்பும். வெளியே வைத்து அரைமணி நேரம் கழித்து வந்தால் செய்த வேலை வீண். டேப்பை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, சில்லைப் பிளாஸ்மா கருவியிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் விளைச்சல் குறைவதற்கும் இந்த ஈரப்படலமே காரணம். பிளாஸ்மா கருவி இருக்கும் இடத்தில் பிரானா கரைசலை நாட வேண்டாம். அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அந்தச் சூடான கலவையில் ஒரு துளி அசிட்டோன் விழுந்தாலும் வெடிக்கலாம். முதல் படியில் அசிட்டோனில் குளித்த சில்லை அதில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

டேப்பைச் சில்லின் மேல் வைத்து, பஞ்சு முனையாலோ மென்மையான ரப்பராலோ ஒரு நிமிடம் சீராகத் தேய்த்தால் போதும். நகத்தால் அழுத்தினால் தடித்த செதில்கள் நொறுங்கி, அந்தத் தூள் சில்லு முழுக்கப் பரவும். இதற்கு அடுத்த படிதான் பலன் மிகுந்தது: டேப் ஒட்டியபடியே சில்லை 100 டிகிரி செல்சியஸ் ஹாட் பிளேட்டில் 2 நிமிடம் வையுங்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பிளாஸ்மாவோடு இந்தச் சூட்டையும் சேர்த்துச் செய்து, ஒற்றை அடுக்கின் பரப்பு 50 மடங்குக்கு மேல் கூடுவதைக் காட்டியது. கிராஃபைட்டுக்கும் ஆக்சைடுக்கும் இடையில் சிக்கிய வாயு சூட்டில் விரிந்து வெளியேறுகிறது. ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று கிராஃபைட்டைச் சில்லோடு அமுக்குகிறது. தொடும் பரப்பு கூடினால் பிடிக்கும் பரப்பும் கூடும். 100 டிகிரியைத் தாண்டிப் போகாதீர்கள், பிசின் இளகி வழியும். முழுக்க ஆறிய பிறகே உரிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது உரித்தால் பிசின் பாதி சில்லில் தங்கிவிடும். டேப்பைப் பின்னோக்கி மடித்து, சில்லுக்கு இணையாக, ஒரு சில்லுக்கு ஒரு நிமிடம் எடுக்கும் வேகத்தில் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செதில் விளிம்பில் கிழிந்து வரும்.

உரித்தபின் சில்லை மீண்டும் அல்ட்ராசோனிக்கில் போடுவதை மறந்தும் செய்யக் கூடாது. கிடைத்தது அத்தனையும் கழன்று போகும். பிசினை எடுக்க வெதுவெதுப்பான அசிட்டோனில் அசையாமல் ஊற வைத்தால் போதும்.

இப்போது தேடல். 1 செ.மீ. சதுரம் என்றால் 10 கோடி சதுர மைக்ரான். அதில் 20 மைக்ரான் அகல, நீளமுள்ள ஓர் ஒற்றை அடுக்கு எடுத்துக்கொள்ளும் இடம் 400 சதுர மைக்ரான், அதாவது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான தடித்த செதில்கள். 50 மடங்கு லென்ஸில் கேமராவின் பார்வைப் பரப்பு சுமார் 200க்கு 150 மைக்ரான் என்று வைத்தால், சில்லு முழுக்கப் பார்க்க 3,300 படங்கள் வேண்டும். 10 மடங்கு லென்ஸில் ஏறக்குறைய 130 போதும். எனவே 10 அல்லது 20 மடங்கில் வரிசையாக ஓட்டி, சந்தேகம் வருவதை மட்டும் 50, 100 மடங்கில் உறுதி செய்யுங்கள். 2, 3 மைக்ரான் செதிலைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அது கிடைத்தாலும் மின்முனை வைக்க இடமிருக்காது.

ஓர் அணு தடிமனுள்ள பொருள் கண்ணுக்குத் தெரிவதற்கே இந்த ஆக்சைடுதான் காரணம் என்பதால், இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கிராஃபீன் தன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சுகிறது. கண்ணாடித் தட்டில் வைத்தால் அது தெரிவது கடினம். சிலிக்கானின் மேல் ஆக்சைடு இருக்கும்போது, ஆக்சைடின் மேல்பரப்பில் திரும்பும் ஒளியும், கீழே சிலிக்கானில் பட்டுத் திரும்பும் ஒளியும் குறுக்கிடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும் அலைநீளத்தில் பின்னணி இருண்டுவிடும், மேற்பரப்பிலோ ஒளியின் மின்புலம் உச்சத்தில் இருக்கும். கிராஃபீன் சரியாக அந்த உச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் சிறு உறிஞ்சல் பல மடங்காகத் தெரிகிறது.

இரண்டு எல்லைகளிலும் திரும்பும் ஒளியலையின் கட்டம் (அதன் ஏற்ற இறக்க நிலை) ஒரே மாதிரி புரள்வதால், தணியும் தடிமன் அலைநீளத்தை நான்கால் வகுத்து, ஆக்சைடின் ஒளிவிலகல் எண் 1.46-ஆலும் வகுத்தால் வரும் எண், அல்லது அதன் மூன்று மடங்கு. பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் எடுத்தால் 94 நானோமீட்டர், அடுத்தது 282. ஆய்வகங்களில் 90, 285 என்ற தடிமன்கள் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உங்கள் 300 நானோமீட்டர் வேஃபருக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இருள் விழும் இடம் 584 நானோமீட்டர், மஞ்சள். இன்னும் வேலை செய்யும். ஆனால் 5 சதவீதம் கூடி 315 ஆகிவிட்டால் 613-க்குப் போய்விடும். அப்போது வழக்கமான ஒளியில் ஒற்றை அடுக்கு அடியோடு மறைந்துபோகலாம். தேடியும் கிடைக்கவில்லை என்பவர்களில் சிலர் நல்ல கிராஃபீனை எடுத்தும் அதைப் பார்க்க முடியாத வேஃபரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அட்டையில் எழுதிய எண்ணை நம்பாமல், எலிப்சோமீட்டரிலோ பிரதிபலிப்பு மானியிலோ ஒருமுறை அளந்து, அதற்கேற்ற வடிகட்டியைப் போடுங்கள். அடுத்த முறை வாங்குவதாக இருந்தால் 90 நானோமீட்டர் வாங்குங்கள். அங்கே இருள் விழும் பட்டை அகலமானது. சில நானோமீட்டர் பிசகினாலும் தாங்கும்.

கேமராவில் தானியங்கி வெண்சமநிலையும் தானியங்கி ஒளியளவும் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு பளிச்சென்ற தடித்த செதில் வந்தவுடன் எல்லா எண்களும் மாறும். வெற்று ஆக்சைடின் படம் ஒன்றை எடுத்து, அதனால் ஒவ்வொரு படத்தையும் வகுத்தால் விளக்கின் சீரின்மை போய்விடும். பிறகு படத்தின் பச்சை நிறத் தடத்தில் மட்டும், பின்னணிக்கும் செதிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னணியால் வகுத்துப் பாருங்கள். பொருத்தமான ஆக்சைடில் முதல் அடுக்குக்குச் சுமார் 5, 6 சதவீதம் வரும். அடுத்தடுத்த அடுக்குகள் ஏறக்குறைய அதே அளவில் படிப்படியாகக் கூட்டும். துல்லியமான எண் லென்ஸைப் பொறுத்தது. திறப்பு எண் அதிகமான லென்ஸ் பல கோணங்களிலிருந்து ஒளியைச் சேர்ப்பதால் குறுக்கீடு மங்கும். நுண்ணோக்கியின் திறப்புத் தடுப்பைப் பாதி மூடினால் வேறுபாடு மீண்டும் கூடும்.

உங்கள் கருவிக்கென ஓர் அளவுகோல் தயாரிக்கச் சிறந்த வழி, ஒரே செதிலில் படிக்கட்டுபோல 1, 2, 3 அடுக்குகள் அருகருகே உள்ள இடத்தைக் கண்டுபிடிப்பது. எண்கள் படிப்படியாகத்தான் ஏறும், இடையில் நிற்காது. ஒன்றரை அடுக்கு என்று ஒன்று கிடையாது. 5.5, 11, 16 என்று வரும் இடத்தில் 8 வந்தால் அது பிசின். பிசினின் விளிம்பு உருண்டும் குமிழ்போலவும் இருக்கும், இருள்புலப் பார்வையில் (சிதறிய ஒளியை மட்டும் காட்டும் நுண்ணோக்கி முறை) மின்னும். கிராஃபீனின் விளிம்புகள் நேர்க்கோடாக, பெரும்பாலும் 30 டிகிரியின் மடங்குகளில் சந்திக்கும்.

இப்போது அந்த 1.1 நானோமீட்டர். ஏ.எஃப்.எம். முனை ஆக்சைடின் மேல் உணரும் விசையும் கிராஃபீனின் மேல் உணரும் விசையும் ஒன்றல்ல. முனை அதிர்ந்து மேற்பரப்பைத் தட்டிச் செல்லும் முறையில் கருவி காட்டும் உயரம், முனையின் அதிர்வு வீச்சு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையும் இடம். இரு பொருள்களில் ஆற்றல் இழப்பு வேறுபட்டால் அந்த இடமும் வேறுபடும். அதோடு கிராஃபீனுக்கும் ஆக்சைடுக்கும் இடையில் சிக்கிய நீர், ஆக்சைடின் சொந்த மேடுபள்ளம். இவை எல்லாம் சேர்ந்து முதல் அடுக்கின் உயரத்தை 0.4-இலிருந்து 1 நானோமீட்டருக்கு மேல் வரை எங்கு வேண்டுமானாலும் காட்டும். இந்தப் பிழை ஆக்சைடிலிருந்து கிராஃபீனுக்கு ஏறும் முதல் படியில் மட்டுமே இருக்கிறது. கிராஃபீனிலிருந்து கிராஃபீனுக்கு ஏறும் படியில் இல்லை. எனவே செதிலின் ஓரத்தில் மடிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். மடிப்பின் மேல்பகுதிக்கும் மடியாத பகுதிக்கும் உள்ள உயரம் 0.35, 0.4 என்று வந்தால் அது ஒற்றை அடுக்கின் மடிப்பு. 0.7 வந்தால் இரட்டை. முனையின் வீச்சை மாற்றி இருமுறை எடுத்தும் பாருங்கள். ஆக்சைடுப் படி மாறி, மடிப்புப் படி மாறாமல் இருந்தால் எந்த எண்ணை நம்புவது என்பது தானே விளங்கும்.

தீர்ப்பைச் சொல்வது ராமன்தான். அங்கும் நீங்கள் பார்த்த எண் கேள்விக்குரியது. 2டி, ஜி விகிதம் 2-க்கு மேல் இருந்தால் ஒற்றை அடுக்கு என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த விகிதம் கிராஃபீனில் உள்ள மின்னூட்ட அடர்த்தியால் குறையும், ஆக்சைடின் தடிமனாலும் மாறும். காற்றில் கிடந்த, ஈரமேறிய ஒற்றை அடுக்கு 1.3 காட்டுவது வியப்பல்ல. பார்க்க வேண்டியது 2டி முகட்டின் வடிவமும் அரை உயரத்தில் அதன் அகலமும். 532 நானோமீட்டர் லேசரில் அது 2,680 செ.மீ⁻¹ (ராமன் நகர்வின் அலகு) அருகே வரும். ஒற்றை அடுக்கில் ஒரே லாரென்ட்ஸ் வளைவு (ஒற்றை முகட்டின் சமச்சீர் வடிவம்) கச்சிதமாகப் பொருந்தும், அகலம் 24 முதல் 30 செ.மீ⁻¹. இரட்டை அடுக்கில் அகலம் 50 அருகே, ஒரு பக்கம் தோள்போல் சாய்ந்து, நான்கு வளைவுகள் போட்டால்தான் பொருந்தும். 5 அடுக்குக்கு மேல் ராமனால் எண்ண முடியாது, கிராஃபைட் போலவே தெரியும். இந்த அளவுகோல் உரித்தெடுத்த, இயல்பான அடுக்கு வரிசையுள்ள செதில்களுக்குத்தான் பொருந்தும். ஆவியிலிருந்து வளர்த்த, ஒன்றன்மேல் ஒன்று திருகி நிற்கும் அடுக்குகளில் பல அடுக்கும் ஒற்றை வளைவு காட்டி ஏமாற்றும்.

அளக்கும் முன் சிலிக்கானின் 520.7 செ.மீ⁻¹ முகட்டில் கருவியை நேர்செய்யுங்கள். லேசரின் திறன் செதிலில் 1 மில்லிவாட்டுக்குக் கீழ் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஜி முகடு சூட்டால் நகரும், நீண்ட நேரம் வைத்தால் 1,350 அருகே குறைபாட்டைக் காட்டும் டி முகடு தலைகாட்டும், அதாவது அளவீடே செதிலைக் கெடுத்திருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு மைக்ரானாவது உள்ளே தள்ளி எடுங்கள். விளிம்பும் டி முகட்டைத் தரும், அதைக் குறைபாடு என்று தவறாக எண்ணிவிடலாம். உங்கள் செதில் 2, 3 மைக்ரான் அகலம்தான் என்பதால் இது சிக்கல். 100 மடங்கு லென்ஸில் நட்டநடுவே எடுப்பதைத் தவிர வழியில்லை.

எந்த ஐயமும் இல்லாத சான்று மின்சார அளவீடு. குளிரில், வலுவான காந்தப்புலத்தில் குறுக்கு மின்கடத்தல் படிக்கட்டுபோல் ஏறும். குவாண்டம் ஹால் தளங்கள் எனப்படும் அந்தப் படிகள் e²/h அலகில் 2, 6, 10 என்று வந்தால் ஒற்றை அடுக்கு. 4, 8, 12 என்றால் இரட்டை. 2005-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் குழுவும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கிம் குழுவும் தனித்தனியே காட்டியது அந்த 2, 6, 10 வரிசையைத்தான். 300 நானோமீட்டர் ஆக்சைடில், அடியிலுள்ள சிலிக்கானுக்குக் கொடுக்கும் கேட் மின்னழுத்தம் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 7.2 × 10¹⁰ மின்னூட்டங்களைக் கூட்டும் என்ற எண் அப்போது கைகொடுக்கும். அந்தக் கட்டத்துக்குப் போகத் திட்டமிருந்தால், உரிப்பதற்கு முன்பே சில்லில் தங்கத்தால் எண்ணிட்ட அடையாளக் குறிகளைப் பதித்துவிடுங்கள். பத்து லட்சத்தில் நான்கு பங்கான ஒன்றை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் மீண்டும் தேடுவது பெரும் வேதனை.

கையிலிருக்கும் செதிலுக்கு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பச்சைத் தட வேறுபாடு, அடுத்து 2டி அகலம், மடிப்பு இருந்தால் அதன் உயரம். பிசினை நீக்க ஆர்கான், ஹைட்ரஜன் கலவையில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கும் யோசனை இருந்தால், அதை இந்த மூன்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சூடேறிய கிராஃபீன் ஆக்சைடின் மேடுபள்ளத்தோடு நெருங்கிப் படிந்துகொள்ளும், வெளியே எடுத்ததும் காற்றிலிருந்து மின்துளைகளை (நேர்மின்னூட்டம்போல் நடக்கும் எலக்ட்ரான் காலியிடங்கள்) வாங்கிக்கொள்ளும். 2டி முகடு இடம் நகரும், விகிதம் 1.3-க்கும் கீழே இறங்கும். அப்போது அடுக்கின் எண்ணிக்கையால் வந்த மாற்றமா, சூட்டால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.